ஆசிட் ஹவுஸ் பம்பாயில் பிறந்ததா? சரண்ஜித் சிங்கும் 303-இன் கட்டாஃப் நாபும்

டையோடு துரை:
சிகாகோவுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே பம்பாயில ஆசிட் ஹவுஸை, அதாவது மிஷின்ல நெளிஞ்சு ஓடற பேஸை வெச்ச நடன இசையை, கண்டுபிடிச்சவர் சரண்ஜித் சிங்னு ஒரு பதிவு மறுபடியும் சுத்துது. கீழே "இந்தியனாகப் பெருமைப்படுவோம்"னு வரிசையா பின்னூட்டம். எரிச்சலா இருக்கு. 1982-ல பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்துல போட்டு எச்.எம்.வி.க்காக அவர் பண்ணின தட்டு அருமையான தட்டு. ரோலண்ட் கம்பெனியோட டிபி-303 பேஸ் மிஷின், டிஆர்-808 டிரம் மிஷின், ஜூபிடர்-8 சிந்தசைசர் மூணும் அதுல இருக்கு, மறுக்கல. ஆனா ஆசிட்னா 303 ஓடும்போதே, ஒலியை வெட்டற ஃபில்டர் எவ்வளவு திறக்கணும்னு சொல்ற கட்டாஃப் நாபையும், வெட்டற இடத்துல ஒலியைத் தூக்கிக் காட்டற ரெசொனன்ஸ் நாபையும் கையால திருப்பணும். 1987-ல வந்த 'ஆசிட் டிராக்ஸ்'ல சிகாகோவோட ஃபியூச்சர் குழு செஞ்சது அதைத்தான். சிங் நாபைத் தொடவே இல்ல.

பழைய இசைத்தட்டு:
தொடலைன்னு பக்கத்துல நின்னு பார்த்தீங்களா துரை சார்? லலித் ராகத்தை நல்ல ஹெட்போன்ல கேளுங்க. பேஸ் வாயைத் திறந்து திறந்து மூடுது. ஃபில்டர் அசையாம அந்தச் சத்தம் எங்கிருந்து வரும்?

டையோடு துரை:
ஆக்சென்ட்ல இருந்து, அதாவது ஒரு நோட்டை மட்டும் அழுத்தி ஒலிக்க வைக்கிற வசதியில இருந்து வரும். 303-ல ஆக்சென்ட் போட்ட ஸ்டெப்புல, அதாவது பேட்டர்னோட அந்தக் கட்டத்துல, மூணு காரியம் ஒண்ணா நடக்குது. சத்தம் ஏறும். ஃபில்டர் மூடி அடங்கற நேரத்தைச் சொல்ற டிகே நாப் எங்கே இருந்தாலும் டிகே குறைஞ்சபட்சத்துக்கு, ஏறக்குறைய 200 மில்லி செகண்டுக்கு இறங்கிடும். ஃபில்டரைத் திறந்து மூடற என்வலப் சிக்னல் கூடும். அந்த வழியில மின்னூட்டத்தைத் தேக்கற ஒரு கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கு. வரிசையா ரெண்டு மூணு ஆக்சென்ட் விழுந்தா, முழுசா காலியாகறதுக்குள்ள அடுத்தது வந்து நிரப்பிடும். அதனால ஒவ்வொரு நோட்டும் முந்தினதை விட மேல திறக்கும். ரெசொனன்ஸ் நாப் ரெண்டடுக்கு, அதுல ஒரு அடுக்கு இந்த ஆக்சென்ட் வேலையிலதான் இருக்கு, அதனால ரெசொனன்ஸ் கூடக் கூட இது இன்னும் பட்டவர்த்தனமா கேட்கும். கை வைக்கவே தேவையில்ல. நீங்க கேட்டது இதைத்தான்.

பழைய இசைத்தட்டு:
சரி, அந்த ஆக்சென்ட்டைப் போட்டது யாரு, அசரீரியா? எந்த ஸ்டெப்புல ஃபில்டர் திறக்கணும்னு முடிவு பண்ணி அங்கே பட்டனை அழுத்தினவர் சிங். ஹிந்தி சினிமா ஆர்கெஸ்ட்ராக்கள்ல கிடார், கீபோர்டுன்னு பல வருஷம் வாசிச்ச ஆளு. ஃபியூச்சர்காரங்க செகண்ட் ஹேண்ட்ல ஒரு 303 வாங்கி, புரோகிராம் பண்ணத் தெரியாம நாபைத் திருகினாங்க. தெரிஞ்சு பண்ணினவனுக்குப் பேர் இல்ல, தெரியாம திருகினவனுக்குப் பேரு. நல்ல நியாயம்.

டையோடு துரை:
தெரியாம திருகினதுதான் கண்டுபிடிப்பு. நாபைத் திருகினவங்க அவங்க. சிங் திருகல.

சிகாகோ செல்வன்:
"தெரியாம திருகினாங்க"ன்னு எழுதறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. ஃபியூச்சரோட டிஜே பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே மூணு பேரும் சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள். டிஜே ரான் ஹார்டி மியூசிக் பாக்ஸ் கிளப்புல 'ஆசிட் டிராக்ஸை' ஒரே ராத்திரியில நாலு தடவை போட்டு, நாலாவது தடவைதான் கூட்டம் கிறுக்குப் பிடிச்சு ஆடுச்சு. தயாரிப்பாளர் மார்ஷல் ஜெபர்சன் கை பட்டு டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ்ல வந்தது. ஆடற கூட்டம் இருந்ததாலதான் அது ஒரு இசை வகை ஆச்சு. பம்பாயில அந்தத் தட்டை வாங்கவே ஆள் இல்ல. 303 உள்ள முதல் தட்டுதான் கணக்குன்னா ஹெவன் 17 குழு இங்கிலாந்துல 1982-லேயே பயன்படுத்தியாச்சு. அவங்களுக்கு யாரும் கட்அவுட் வைக்கல.

பழைய இசைத்தட்டு:
விற்பனை ஆகாதது அவர் தப்பா செல்வன்? 2010-ல பாம்பே கனெக்‌ஷன் இசைத்தட்டு கம்பெனி மறுவெளியீடு பண்ணினப்போ வெள்ளைக்காரன் என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா? இது யாரோ இப்போ பண்ணிட்டுப் பழைய தட்டுன்னு ஏமாத்தறாங்க, ஏபெக்ஸ் ட்வின்ங்கற எலக்ட்ரானிக் இசைக்காரர் வேலையா இருக்கும்னு வதந்தி. ஒரு இந்தியனால முடியும்னு நம்பவே மனசு வரல. அப்புறம் அந்த மனுஷன் எழுபது வயசுல ஐரோப்பாவுல மேடை ஏறி வாசிச்சுக் காட்டினாரு. நீங்களும் அதே வரிசையில போய் நில்லுங்க.

மைலாப்பூர் மோகனம்:
இதை ராகம் என்று சொல்வதே எனக்கு ஒப்பவில்லை. 303-இன் ஸ்லைடு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் நேரம், ஏறத்தாழ 60 மில்லி செகண்டு. மாற்ற வழியே கிடையாது. அரை ஸ்வரம் தாவினாலும் ஒரு ஸ்தாயி தாவினாலும் அதே நேரம்தான். மீண்ட் எனும் ஹிந்துஸ்தானி வழுக்கலும் இல்லை, கமகமும் இல்லை. மால்கௌன்ஸ், அதாவது நம் ஹிந்தோளம், இதில் ச க ம த நி என்று ஐந்து கட்டைகள் மட்டுமே. நம் தோடியையும் போட்டிருக்கிறார் என்று ஒருவர் அந்தப் பதிவில் பெருமைப்பட்டிருந்தார். அது ஹிந்துஸ்தானி தோடி. ஸ்வரப்படி நமக்குச் சுபபந்துவராளி. இதுகூடத் தெரியாமல் என்ன பெருமை?

டையோடு துரை:
மோகனம் சார், போன மாசம் 808 விவாதத்துலயும் இப்படித்தான் பாதியில வந்து ஸ்ருதி பேசிட்டுப் போனீங்க. 303 இங்கே அடியில ஓடற பேஸ் மட்டும்தான். ராகம் மேல ஜூபிடர்-8-ல கையால வாசிக்கப்பட்டது. அதுல சுருதியை வழுக்க விடற போர்ட்டமென்டோ இருக்கு, வளைக்கற பெண்டர் இருக்கு. மீண்டை அங்கே தேடுங்க.

கீபோர்டு பாபு:
சண்டைக்கு நடுவுல ஒரு சந்தேகம். 1982-ல கருவிகளை ஒண்ணா இணைக்கற மிடியே கிடையாது. மூணு பெட்டியையும் ஒரே தாளத்துல எப்படி ஓட்ட முடியும்?

டையோடு துரை:
808 தலைவன், 303 தொண்டன். ரெண்டுலயும் தாளத்தைச் சேர்த்து ஓட்டற டின் சிங்க் இணைப்பு இருக்கு, ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு. 808-ஐ வெளியே அனுப்புற நிலையில வைக்கணும். 303-க்கு உள்ளே வாங்கத்தான் தெரியும், அனுப்பத் தெரியாது. ஜூபிடர்-8-ல டின் சிங்க் இல்ல, பிடிச்ச நோட்டுகளைத் தானா வரிசையா ஓட்டற ஆர்பெஜியேட்டருக்குத் தனி கிளாக் துளை உண்டு. 808-ல ஆக்சென்ட், கௌபெல், கைத்தட்டல் மூணுக்கும் துடிப்பை வெளியே அனுப்பற ட்ரிகர் வெளியீடு இருக்கு. கௌபெல்லைப் பதினாறு ஸ்டெப்புலயும் போட்டு, அதோட லெவலை சுழியத்துக்கு இறக்கிட்டு அந்த ட்ரிகரை ஜூபிடருக்குக் கொடுத்தா ஆர்பெஜியோ ஒட்டிக்கிட்டு ஓடும். இதுக்கு ஆக்சென்ட் வெளியீட்டை எடுத்தா டிரம்ஸ் மொத்தமும் ஆக்சென்ட் வாங்கி வழுவழுன்னு ஆயிடும். கவனிங்க, இந்த இணைப்புல ரெண்டு கையும் ஜூபிடர் மேல. 303 நாபைத் திருக மூணாவது கை எங்கே?

பழைய இசைத்தட்டு:
ஆர்பெஜியோ தானா ஓடும்னு நீங்களே சொல்லிட்டு, கை இல்லைங்கறீங்க. அப்புறம் ஸ்டூடியோவுல மேலே மேலே பதிவு பண்ண முடியாதா? முதல்ல 303-ல லலித்தை ஏத்திப் பாருங்க. பஞ்சமம் கிடையாது, ரெண்டு மத்யமம். சுருதியை பிட்ச் மோடுல தனியா வரிசையா அடிக்கணும், ஆக்சென்ட்டும் ஸ்லைடும் அங்கேயே. நோட்டா, முந்தினதை நீட்டற டையா, மௌனமான ரெஸ்ட்டாங்கறதை டைம் மோடுல தனியா அடிக்கணும். ரெஸ்ட் எந்தச் சுருதியையும் தின்னாது. ஒரே ஒரு நோட்டை விட்டா அதுக்குப் பின்னாடி உள்ள அத்தனை ஸ்வரமும் ஒரு இடம் தள்ளிப்போகும், ஆக்சென்ட்டும் கூடவே நகரும். இதை பத்து ராகத்துக்குப் பண்ணினவருக்கு ஒரு நாபைத் திருப்பத் தெரியாதாம்.

ஃபில்டர் பித்தன்:
303 ஃபில்டரோட சரிவு ஆக்டேவுக்கு 18 டெசிபல். அதுதான் அந்தக் குரலுக்குக் காரணம். இதை யாரும் சொல்லலையே?

டையோடு துரை:
தப்பு. நாலு படி டையோடு லேடர், கணக்குப்படி 24. ஒரு கெபாசிட்டர் மட்டும் மத்ததுல பாதி அளவு, அதனால சரிவு மென்மையா தெரியுது. அதைப் பார்த்துத்தான் 18-னு ஊரெல்லாம் காப்பி அடிக்குது. என் பேருலயே டையோடு இருக்கு, இதுல என்கிட்ட வராதீங்க.

ஃபில்டர் பித்தன்:
அளந்து பார்த்தா 18 மாதிரி வருதுன்னா அது 18-தான். காதுக்கு சர்க்யூட் படம் தெரியாது.

சிகாகோ செல்வன்:
திரும்பவும் சர்க்யூட்டா? கேள்வி யாருக்குப் பேர் போகணும்ங்கறது. 303 வந்தது 1981, நிறுத்தினது 1984, மொத்தம் பத்தாயிரம் சுமாருக்குத்தான் செஞ்சாங்க. கிடார்காரனுக்குத் துணை பேஸா விற்கப் பார்த்து ஓடாத பெட்டி. அதுக்கு மறுவாழ்வு கொடுத்தது சிகாகோ. சிங் அப்புறம் ஒரு தட்டாவது அந்த வழியில போட்டாரா?

பழைய இசைத்தட்டு:
போடச் சொல்லி யார் காசு கொடுத்தாங்க? தட்டு விற்கல, மனுஷன் கல்யாணக் கச்சேரிக்குப் போனாரு. 2015-ல போயும் சேர்ந்துட்டாரு. ஒரு தட்டு போதும். அதுல ஃபில்டர் அசையுது.

டையோடு துரை:
ஆக்சென்ட் அசையுது. பத்து ராகத்துல ஒண்ணை எடுங்க, எந்த நிமிஷம் எந்த செகண்ட்ல கட்டாஃப் நாப் திரும்புதுன்னு எழுதுங்க. நேரம் இல்லாம பெருமை மட்டும் வந்தா பதில் கிடையாது.

பழைய இசைத்தட்டு:
திரும்பலைங்கறதுக்கு நீங்க முதல்ல நேரம் போடுங்க சார்.

மைலாப்பூர் மோகனம்:
808 விவாதத்தில் பாதியில் போனது நான் இல்லை. என் கடைசிக் கேள்விக்கு துரை இன்னும் பதில் சொல்லவில்லை, தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.