மனம் நொந்தால் மறைந்து உண்ணும் மகள்: சுபாவமா, நோயா?

கேள்வி (பிளஸ் ஒன் மாணவியின் தாய், மதுரை):
என் மகள் சிறு வயதிலிருந்தே அவசர சுபாவம் உடையவள். சில மாதங்களாக, எடை கூடிவிடும் என்று காலையும் மதியமும் சரியாக உண்பதில்லை. ஆனால் திட்டு வாங்கிய நாளிலோ தோழியுடன் சண்டையிட்ட நாளிலோ, நாங்கள் உறங்கிய பின் பிஸ்கட், மிக்சர், மீந்த சோறு என்று கையில் கிடைத்ததையெல்லாம் உண்டுவிட்டு அழுகிறாள். மன உறுதி இல்லாததே காரணம் என்று கருதும் என் கணவர், தின்பண்டங்களைப் பூட்டி வைக்கச் சொல்கிறார். அது சரியா?

பதில் (மருத்துவ உளவியலாளர்):
தயவுசெய்து பூட்டாதீர்கள், அம்மா. அவசர சுபாவம் என்பது ஒரே குணம் அல்ல. முன்யோசனை இன்மை, எடுத்ததை முடிக்க இயலாமை, கிளர்ச்சியைத் தேடும் நாட்டம், மனவேதனையின்போது தலைதூக்கும் அவசரம் என நான்கு கூறுகளாக 2001இல் வைட்சைட், லைனம் என்னும் உளவியலாளர்கள் அதைப் பிரித்துக் காட்டினர். கட்டுப்பாடிழந்து உண்பதோடு நெருங்கிய தொடர்புடையதாக ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிவது கடைசிக் கூறுதான். உங்கள் மகளிடம் காண்பதும் அதை ஒத்திருக்கிறது.

எனினும் பகல் பட்டினிக்கும் இதில் பெரும் பங்குண்டு. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உடலியலாளர் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், உடல்நலமும் மனநலமும் சோதித்துச் சேர்க்கப்பட்ட 36 ஆண்கள் ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்றுடன் இருந்தனர். உணவுக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபின் அவர்களில் சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் உண்டனர். அவர்களை மன உறுதியற்றவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஆகவே மூன்று வேளை உணவும் இடையில் சிற்றுண்டியும் நேரம் தவறாமல் அவளுக்குக் கிடைக்கட்டும்.

பதில் (பள்ளி ஆலோசகர்):
உறவினர் வீட்டு விசேஷங்களில் "குண்டாகிவிட்டாயே" என்று எவரேனும் சொன்னால், அவள் முன்னிலையிலேயே தடுத்துவிடுங்கள். அவசரக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமே இச்சிக்கல் வரும் என்றும் எண்ண வேண்டாம். எதிலும் பிழையின்மையை நாடும் அமைதியான பிள்ளைகள் உணவைக் குறைத்துக்கொண்டே போகும்போது, அதைக் கட்டுப்பாடு என்று பாராட்டிவிடுகிறோம். எனக்கு மிகுந்த கவலை தருவது அதுவே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. உண்டவுடன் குளியலறைக்குச் சென்று தாழிட்டுக்கொள்கிறாள். வாந்தி எடுக்கிறாளோ என்று அஞ்சுகிறேன்.

பதில் (மருத்துவ உளவியலாளர்):
அப்படியானால் இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். ஆதலால் இரத்தப் பரிசோதனை தேவை. மயக்கமோ படபடப்போ இருந்தால் அன்றே செல்ல வேண்டும். வேதனையான நொடியைச் செயலில் இறங்காமல் கடக்கக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சைகள் உள்ளன. அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பேசலாம். இன்றிரவு அவளிடம் எவ்வளவு உண்டாய் என்று கேட்காமல், அன்று மனதை நோகச் செய்தது எது என்று கேளுங்கள்.