வாடலில் தப்பிய தக்காளியில் விதை எடுக்கலாமா?

களுதாவளை மணல் தோட்டத்தில் திலின ரகத் தக்காளி நட்டிருக்கிறோம். பூக்கும் நேரத்தில், இலை பச்சையாகவே இருக்க, செடி திடீரென்று வாடிச் சாய்கிறது. தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் பிடித்தால் பால் நூல்போல் இறங்குகிறது. பாக்டீரியா வாடல்தான். சுண்ணாம்பு போட்டோம், செம்பு மருந்து ஊற்றினோம், வடிகாலும் வெட்டினோம், நிற்கவில்லை. ஆனால் நடுப் பாத்தியில் சில செடிகள் அசையாமல் காய்க்கின்றன.

2012இல் வந்த ஆய்வொன்றில், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா தாக்கிய அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடிகளின் அடுத்த தலைமுறை நோயைக் கூடுதலாகத் தாங்கியது. டிஎன்ஏ எழுத்து மாறாமல், அதன் மேலுள்ள மீதைல் என்ற சிறு வேதிக் குறிகள் மாறுவதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். சரி, அது கடுகுக் குடும்பம், கிருமியும் வேறு. இந்த வாடலைத் தரும் ரால்ஸ்டோனியா கிருமியிலிருந்து பிழைத்த தக்காளியின் விதையில் அந்தத் தாங்குதிறன் இறங்கியதை யாராவது நட்டுப் பார்த்திருக்கிறீர்களா?