மனமகிழ் மன்றத்தில் சீட்டாட்ட ரெய்டு: ஃபைன் கட்டிவிடலாமா, வழக்கை நடத்தலாமா?

கேள்வி (மேற்கு_வாசல்):
பதிவு பெற்ற மனமகிழ் மன்றம், தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரம். இரவு எட்டரைக்கு எஸ்.ஐ. தலைமையில் ரெய்டு. மேஜையில் ஆறு பேர் ரம்மி ஆடினார்கள், இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். எட்டுப் பேர் மீதும் 1930-ம் ஆண்டு தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 8 (சூதாட்ட விடுதி நடத்துவது), 9 (அங்கே சூதாடுவது) பிரிவுகளில் வழக்கு. ரொக்கம், சீட்டுக்கட்டு, எல்லாருடைய செல்போனும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டேஷன் ஜாமீன் கிடைத்துவிட்டது. "கோர்ட்டுல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டுங்க, முடிஞ்சுது" என்கிறார்கள். கட்டலாமா? ஆடாத இருவர் கதி என்ன? போனை எப்படி மீட்பது?

பார்_கவுன்சில்_பக்கம்:
அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம் சார். நூறு ரூபாய் ஃபைன் என்றாலும் அது குற்றத் தண்டனைதான். அரசு வேலை, பாஸ்போர்ட் என்று போலீஸ் விசாரணை வரும்போதெல்லாம் அது முன்னால் வந்து நிற்கும்.

முதலில் எஃப்.ஐ.ஆர் நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் இறக்குங்கள். "ரகசியத் தகவலின் பேரில்" என்ற வரி அநேகமாக இருக்கும். அதற்கு அடுத்த வரியில் அதே சூதாட்டச் சட்டத்தின் 5-வது பிரிவு வாரண்ட் (உள்ளே நுழைந்து சோதனை போட எழுத்து அனுமதி) பற்றிப் பேச்சு இருக்கிறதா என்று பாருங்கள். நடுவரோ, அந்தப் பிரிவு சொல்லும் உயர் நிலைக் காவல் அதிகாரியோ வாரண்ட் கொடுத்துத்தான் கீழ்நிலை அதிகாரி உள்ளே போகலாம். இது வெறும் சடங்கு அல்ல. சீட்டு, மேஜைவிரிப்பு கிடைத்தாலே அது சூதாட்ட விடுதி, உள்ளே இருந்தவர்கள் சூதாட வந்தவர்கள் என்று 6-வது பிரிவு அனுமானிக்கிறதே, அந்த அனுமானம் 5-வது பிரிவின்படி நுழைந்த இடத்துக்குத்தான். வாரண்ட் இல்லாவிட்டால் அரசுத் தரப்பு எல்லாவற்றையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். டிவி பார்த்த இருவருக்கும் இதுதான் பெரிய பிடி. வாரண்ட் இருந்தாலும் அந்த அனுமானத்தை எதிர்ச்சாட்சியம் வைத்து உடைக்கலாம்.

அடுத்தது மகஜர், அதாவது சோதனையில் எடுத்த பொருள்களைச் சாட்சிகள் முன் எழுதும் பட்டியல். தகவல் வந்த நேரம், வாரண்ட் நேரம், மகஜர் நேரம், எஃப்.ஐ.ஆர் நேரம் நான்கையும் வரிசையாக எழுதிப் பாருங்கள், பல வழக்குகளில் அங்கேயே இடிக்கும். மேஜை மேல் எவ்வளவு, யார் பாக்கெட்டில் எவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தத் தொகையை மட்டும் எழுதியிருந்தால் அதைக் குறித்து வையுங்கள். பாக்கெட்டில் இருந்த வீட்டுவாடகைப் பணமும் அப்படித்தான் "பந்தயப் பணம்" ஆகிறது.

பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 103-ன்படி அக்கம்பக்கத்தில் உள்ள இரண்டு சுயேச்சையான சாட்சிகள் வேண்டும், இடத்துக்காரருக்கு நகல் தர வேண்டும். 105-ன்படி சோதனையையும் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவதையும் வீடியோ எடுத்துத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். வீடியோ இல்லை என்பதாலேயே வழக்கு விழுந்துவிடும் என்று நம்பாதீர்கள். சாட்சியத்தின் எடை குறையும், அவ்வளவுதான்.

குமாஸ்தா_மேசை:
போனுக்கு மட்டும் சொல்கிறேன். ஸ்டேஷனுக்கு நடந்து பயனில்லை. பொருள் கோர்ட்டில் ஒப்படைக்கப்பட்டதா என்று பார்த்து, பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503-ல் இடைக்காலப் பொறுப்பு (வழக்கு முடியும்வரை போன் உங்களிடம் இருக்க) கேட்டு மனுப் போடுங்கள். ஐ.எம்.இ.ஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) தெரியும் பில், ஆதார் நகல் வைக்கவும். பில் தொலைந்திருந்தால் பெட்டியின் படம், சிம் யார் பெயரில் என்ற சான்று. மகஜரில் ஐ.எம்.இ.ஐ எழுதாமல் "கருப்பு நிற செல்போன் 1" என்று இருந்தால் அடையாளம் காட்டுவதில் இழுக்கும். பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், அதன்பின் 30 நாளில் உத்தரவு என்று 497 கெடு வைக்கிறது. மனுவில் அதை எழுதுங்கள்.

மேற்கு_வாசல்:
நன்றி. "பி.என்.எஸ். 112 சேர்த்துடுவோம்" (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) என்றும் மிரட்டல் வருகிறது. சேர்க்க முடியுமா?

பார்_கவுன்சில்_பக்கம்:
112-ல் அனுமதியற்ற பந்தயம், சூதாட்டம் இருப்பது உண்மை. ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். ஆனால் குழு அல்லது கும்பலின் உறுப்பினராக இருந்து செய்ததாகக் காட்ட வேண்டும். ஒரு மேஜையில் ஆறு பேர் உட்கார்ந்ததாலேயே கும்பல் ஆகிவிடாது என்று வாதாட இடமிருக்கிறது. சேர்த்தாலும் உச்ச தண்டனை ஏழாண்டுதான் என்பதால், கைதுக்கு அவசியம் இல்லாதபோது பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் (விசாரணைக்கு ஆஜராகச் சொல்வது) தான் முறை. நோட்டீஸ் வந்தால் தவறாமல் ஆஜராகுங்கள், போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணம் ஆகிவிடும்.

பதின்மூன்று_சீட்டு:
ஆட்டம் ரம்மி என்பதை விட்டுவிடாதீர்கள். 1967-ல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது, மூன்று சீட்டை அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதே தீர்ப்பில், மன்றம் ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் குற்றம் நிரூபணமாகலாம் என்றும் இருக்கிறது. ஆகவே சீட்டு வாடகை, மேஜைக் கட்டணம் எவ்வளவு, அது பந்தயத் தொகையோடு கூடிக் குறைகிறதா என்பதுதான் 8-வது பிரிவு வழக்கின் மையப் புள்ளி. செயலாளர் கணக்குப் புத்தகம், ரசீது, உறுப்பினர் பதிவேடு மூன்றையும் இப்போதே நகல் எடுத்து வழக்கறிஞரிடம் கொடுக்கட்டும்.

பந்தயம் வைத்த ரம்மி சூதாட்டம் என்ற 2012 சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை யாராவது நீட்டினால், 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் மூல மனுவே திரும்பப் பெறப்பட்டு அந்தக் கருத்துகள் நிலைக்காமல் போனதைச் சொல்லுங்கள்.