பெரியம்மாவின் கொப்பிகளும் சூசன் சொன்டாக்கும்

ஆரையம்பதி வாசகி:
எனது பெரியம்மா இந்த மாதத் தொடக்கத்தில் காலமானார். ஊருக்கு அவர் தமிழ் ரீச்சர். புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார் என்பது சிலருக்குத்தான் தெரியும். 31ஆம் நாள் நினைவு மலருக்கு அவரது வாழ்க்கையை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

அலுமாரிக்குள் ஒரு கட்டு நாட்குறிப்புக் கொப்பிகள் இருந்தன. யாருக்கும் தாட்சண்யம் பார்க்காமல் எழுதியிருக்கிறார், எனக்கும் நன்றாக ஏச்சுக் கிடைத்திருக்கிறது. அது பரவாயில்லை. ஆனால் அதிபராக இருந்த பெரியப்பாவின் பெயரில் வந்த கட்டுரைகள் பலவற்றைத் தானே எழுதியதாகக் குறித்திருக்கிறார். அவர்களின் மகன், ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, "அதைத் தொடாத, அப்பாவும் போய்ச் சேர்ந்திட்டார்" என்கிறார்.

இந்த நேரம் பார்த்து, பெஞ்சமின் மோசர் எழுதிய, அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக்கின் வாழ்க்கை வரலாறு கையில் இருக்கிறது (2019இல் வந்தது, அடுத்த ஆண்டு புலிட்சர்). 17 வயதில், சில நாள் பழக்கத்தில், தனக்குப் படிப்பித்த பிலிப் ரீஃபைக் கட்டியவர் சொன்டாக். உளவியல் அறிஞர் பிராய்டைப் பற்றி ரீஃப் பெயரில் 1959இல் வந்த நூலைப் பெரும்பாலும் எழுதியது இவர்தான் என்கிறார் மோசர். வாசிக்க வாசிக்கப் பெரியம்மாவின் முகம்தான் வருகிறது. வெள்ளையினத்தை மனித வரலாற்றின் புற்றுநோய் என்று 1967இல் எழுதிவிட்டு, தனக்கே அந்த நோய் வந்த பிறகு, நோயை உவமையாக்காதீர்கள் என்று 1978இல் ஒரு நூலே எழுதிய மனுஷி சொன்டாக். கூட இருந்தவர்களிடம் அவ்வளவு கடுமை. மோசர் எதையும் மறைக்கவில்லை. நான் எவ்வளவு எழுதலாம்?

மருதமுனையிலிருந்து:
தங்கச்சி, சொன்டாக்கின் மகனைக் கொஞ்சம் பாருங்க. தாயின் நாட்குறிப்புகளைப் பதிப்பித்தது டேவிட் ரீஃப்தான். அவருக்கும் விருப்பமில்லை. ஆனால் தாய் தன் தாள்களைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விற்றிருந்தார். தான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்வார் என்று முன்னுரையில் எழுதினார். உங்கட அண்ணனுக்கு இதைச் சொல்லிப் பாருங்க. அந்த பிராய்ட் நூல் விசயத்தில், ரீஃபே பிற்காலத்தில் ஒரு பிரதியில் இணையாசிரியர் என்று எழுதி, மன்னிப்புக் கேட்டு அனுப்பினார் என்கிறார் மோசர். உங்களுக்கு அப்படி ஒரு சாட்சி இருக்கா? கொப்பியில் ஒரு பக்கத்துச் சொல் மட்டும்தானே.

நாவலடியான்:
எனக்கு மோசரோடு ஒரு சண்டை இருக்கிறது. சொன்டாக்கின் தாய் குடிகாரி, அதனால்தான் மகள் இப்படி என்று எல்லாவற்றையும் அங்கேயே கொண்டுபோய்க் கட்டுகிறார். 1993இல், பொஸ்னியப் போரில் முற்றுகைக்குள் இருந்த சரயேவோவுக்குப் போய், மெழுகுதிரி வெளிச்சத்தில் பெக்கெட்டின் நாடகம் போட்டவர் சொன்டாக். அதற்கும் தாயின் குடிதான் காரணமா? அந்த வருசங்களில் எங்கட பக்கமும் இருட்டுத்தான். நாடகம் போட யாரும் விமானம் ஏறி வரவில்லை, அது வேற கதை.

சொன்டாக் இறந்தது 2004 டிசம்பர் 28. அன்றைக்கு நாங்கள் இங்கே சுனாமியில் போனவர்களின் சடலம் தேடிக்கொண்டு திரிந்தோம், நியூயோர்க்கில் யார் செத்தால் என்ன. பிறகுதான் வாசித்தேன்: அவருக்குத் துணையாக இருந்த புகைப்படக் கலைஞர் அனி லீபோவிட்ஸ், நோயில் கிடந்த உடலையும் செத்த உடலையும் படமெடுத்து 2006இல் புத்தகமாக்கினார். மகனுக்கு அது பொறுக்கவில்லை. மற்றவர் வேதனையைப் படமாகப் பார்ப்பது பற்றி வாழ்நாள் முழுக்க யோசித்தவரின் உடலுக்கே அந்தக் கதி. சுனாமிக்குப் பிறகு எங்கட ஆட்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்த விதத்தைக் கண்டவன் என்பதால், நான் மகன் பக்கம். ஆனால் கட்டுரை விசயம் வேறு. அது உங்கட பெரியம்மாவின் உழைப்பு. எழுதுங்கள்.

அக்கரைப்பற்று நூலகர்:
மலருக்கு முதல் கொப்பிகளைப் பாருங்கள். 1978 சூறாவளி, 1990 இடப்பெயர்வு, சுனாமி மூன்றுக்கும் தப்பிய கையெழுத்து எத்தனை வீட்டில் இருக்கிறது? பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்து, ஒரு பிரதியை அண்ணாவுக்கும் அனுப்புங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், ஈரம் பிடிக்கும். பெரியப்பாவின் கட்டுரை ஒன்றின் கைப்பிரதி கிடைத்தால் எழுத்தை ஒப்பிடலாம்.

ஆரையம்பதி வாசகி:
கைப்பிரதி ஒன்று இருக்கிறது! பாடசாலை மலருக்குப் போன கட்டுரை. எழுத்து பெரியம்மாவுடையது, திருத்தங்கள் பெரியப்பாவின் சிவப்புப் பேனையில். அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதினாரோ என்று அண்ணா கேட்பார், அது நியாயமான கேள்விதான். 31ஆம் நாள் மலரில் கதைகளின் பட்டியலும் புனைபெயரும் மட்டும் போடுகிறேன். கட்டுரை விசயத்தைத் தனியாக எழுதப்போகிறேன், அண்ணாவின் மறுப்பையும் சேர்த்து. ஸ்கேன் எடுக்க மட்டக்களப்பு டவுனில் நல்ல கடை தெரிந்தால் சொல்லுங்கள். கொப்பியைப் பிரிக்காமல் எடுக்கவேண்டும்.