மாவு வண்டில் ஈவ் மரபணுவை அடக்கினால் ஒன்றுவிட்ட உடற்கண்டங்கள் மட்டும் போகாதது ஏன்?

கேள்வி:
சிவப்பு மாவு வண்டின் பெண் கூட்டுப்புழுக்களுக்கு, ஈவன்-ஸ்கிப்ட் (சுருக்கமாக ஈவ்; 'இரட்டைப்படை விடுபட்டது' என்று பொருள்) மரபணுவை அடக்கும் இரட்டை இழை ஆர்என்ஏ ஊசி போட்டாயிற்று. செறிவு மைக்ரோலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அவை வண்டாகி இட்ட முட்டைகளில் உள்ள கருக்களில் தலையின் முன்பகுதியும் உணர்கொம்பும் தெரிகின்றன, அதற்குப் பின்னால் ஒரு கண்டம்கூட இல்லை. ஒன்றுவிட்டு ஒன்று தானே காணாமல் போக வேண்டும்? ஆர்என்ஏ நச்சாகிவிட்டதா?

பதில்:
நச்சு இல்லை, ஈவ் முழுதாக அடங்கினால் வரும் விளைவே இதுதான். பழ ஈயில் கண்டங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரையறுக்கப்படுகின்றன. ஈவ் அங்கே கருவின் குறுக்கே பட்டை பட்டையாகச் செயல்படும்; அதன் இரண்டாம் பட்டையைப் பைகாய்ட், ஹன்ச்பேக் என்ற மரபணுக்களின் புரதங்கள் தூண்டுகின்றன. முன்விளிம்பை ஜயன்ட் புரதமும் பின்விளிம்பைக் குரூப்பல் புரதமும் ஈவை அடக்கி வரையறுக்கின்றன. மாவு வண்டிலோ பைகாய்ட் கிடையாது. வயிற்றுக் கண்டங்கள் கருவின் பின்முனையில் வளரும் பகுதியிலிருந்து வரிசையாக உருவாகின்றன. அங்கே மூன்று மரபணுக்கள் ஒரு சுற்றாக இயங்குகின்றன: ஈவ் ரன்ட்டைத் தூண்டும், ரன்ட் ஆட்-ஸ்கிப்டைத் தூண்டும், ஆட்-ஸ்கிப்ட் ஈவை அடக்கும். 30 டிகிரி செல்சியஸில் இந்தச் சுற்று ஒன்றுக்குச் சுமார் 95 நிமிடம், சுற்றுக்கு இரண்டு கண்டம். மூன்றில் எதை எடுத்தாலும் சுற்று நின்று உடல் குட்டையாகிவிடும்.

ஒன்றுவிட்ட இழப்பைப் பார்க்க வேண்டுமானால் பேர்ட் அல்லது ஸ்லாப்பி-பேர்ட் மரபணுவை அடக்குங்கள். அவை சுற்றின் பகுதி அல்ல, அதன் கட்டளைப்படி பிறகு இயங்குபவை. பேர்ட் போனால், கண்ட எல்லைகளைக் காட்டும் என்கிரெயில்ட் மரபணுவின் பட்டைகளில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை மறையும்.

இன்னொரு பதில்:
மேலே சொன்னதோடு ஒன்று: ஈயிலும் ஈவ் முற்றிலும் இல்லாவிட்டால் கண்டங்களே வராது. ஒன்றுவிட்ட இழப்பு, ஈவ் அரைகுறையாக வேலை செய்யும் மரபணுப் பிறழ்வுகளில் வருவது. அதனால் ஆர்என்ஏவை மைக்ரோலிட்டருக்கு 0.1, 0.03 மைக்ரோகிராம் என்று நீர்க்கச் செய்து பாருங்கள். நாள் ஆக ஆக விளைவு தளரும் என்பதால் பிந்தைய முட்டைகளையும் தேதிவாரியாகப் பிரித்து வையுங்கள். இடைநிலை உருவங்கள் அவற்றில்தான் கிடைக்கும். வேறு மரபணு தாக்கப்படுகிறதா என்ற சந்தேகத்துக்கு, ஈவ் மரபணுவின் ஒன்றன்மேல் ஒன்று படியாத இரண்டு பகுதிகளுக்கான ஆர்என்ஏ துண்டுகளைத் தனித்தனியே செலுத்துங்கள். இரண்டிலும் ஒரே உருவம் வர வேண்டும். வண்டில் இல்லாத ஜிஎஃப்பி (பச்சை ஒளிர் புரதம்) மரபணுவின் ஆர்என்ஏ செலுத்திய தாய்களும் ஒப்பீட்டுக்குக் கூடவே இருக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி. மாவு வண்டு முடிவை வைத்து எல்லாப் பூச்சிக்கும் இதே சுற்று என்று எழுதலாமா?

பதில்:
கூடாது. வெட்டுக்கிளியில் ஈவ் இரு கண்டத்துக்கு ஒரு பட்டையாக வருவதே இல்லை. எருக்கு வகைச் செடிகளில் வாழும் ஆங்கோபெல்டஸ் பூச்சியில் ஒவ்வொரு கண்டத்திலும் வருகிறது. என்கிரெயில்ட், விங்லெஸ் என்ற மரபணுக்கள் கண்டங்களின் எல்லை வரைவதுதான் பரவலாக மாறாமல் நிற்பது. புறத்தோலை மட்டும் பார்த்து எண்ணாதீர்கள், ஒட்டிப்போன கண்டங்கள் ஒன்றாகத் தெரியும். கரு நீண்ட பட்டையாக இருக்கும் நிலையில் என்கிரெயில்ட் பட்டைகளுக்குச் சாயமேற்றி எண்ணுங்கள்.