செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சின் மினுப்பு ப்ளைவுட்டில் வரமாட்டேங்குது, வழி சொல்லுங்க

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் வெப் சீரிஸ் ஷூட். நான் உதவி கலை இயக்குநர். கதை 1940களில் நடக்குது. வளவு (வீட்டு உள்முற்றப் பகுதி) ஓரமா பிற்காலத்தில் வைத்த சுவிட்ச் போர்டும் இரும்புக் கதவும் இருக்கு. அதை மறைக்க பத்தடி உயரத்தில் சட்டமடித்து ப்ளைவுட் சுவர் நிறுத்தியிருக்கோம்.

அதை ஒட்டி இருக்கிற வீட்டுச் சுவரில் அசல் பூச்சு. சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தது. முற்றத்து வெயில் பட்டா உள்ளேயிருந்து மினுங்கும். எங்க சுவர் கண்ணுக்குப் பொருந்துது, மானிட்டரில் காட்டிக்கொடுத்துடுது.

புட்டி (putty) வைத்து சாட்டின் எமல்ஷன் அடித்தோம், செத்துப்போய்த் தெரியுது. எனாமல் அடித்தா ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆயிடுச்சு. பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பூசி மெழுகு தேய்த்ததுதான் கிட்டத்தட்ட வந்தது. ஆனா மினுப்பு திட்டுத் திட்டா இருக்கு, ப்ளைவுட் ஜாயிண்ட்டில் முடி மாதிரி விரிசல் வேற. நிஜமான சுண்ணாம்புப் பூச்சு காய நாள் கிடையாது. அசல் சுவரில் ஆணி, டேப், பெயின்ட் எதுவும் படக்கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார், அது நியாயம்தான். ட்ராலி ஷாட் எங்க ப்ளைவுட் சுவரை உரசிக்கிட்டேதான் போகுது, கேமராமேன் கோணத்தை மாத்த மாட்டார்.

ஷூட் வர்ற வியாழன் காலை. காரைக்குடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாமானா இருந்தா நல்லது.

ப்ளைவுட் மேல் இரண்டே நாளில் காய்ந்து, அந்த மினுப்பைக் கேமராவில் தர்ற மாதிரி எதை, எந்த வரிசையில் பூசணும்?