என் (n) = 1.5 வருது, மூலக்கூறு வாய்ப்பாடு எப்படி எழுதுறது? அவசரம்

பிளஸ்ஒன்_பாவம்: நாளைக்கு டெஸ்ட், யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க. கார்பன் 40%, ஹைட்ரஜன் 6.67%, மீதி ஆக்ஸிஜன், அணு நிறையால வகுத்தா 1:2:1, எம்பிரிக்கல் வாய்ப்பாடு (எளிய விகித வாய்ப்பாடு) சிஎச்2ஓ வருது, அதோட நிறை 30, அது வரைக்கும் ஓகே, கணக்குல 45 குடுத்திருக்கான், 45/30 போட்டா என் 1.5, ஒன்றரைய வச்சு என்ன எழுதுறது??

லேப்கோட்டு: எது 45? கேள்விய அப்படியே போடுப்பா

ஷார்ட்கட்_ராஜா: 1.5 வந்தா கண்ண மூடிட்டு 2ஆல பெருக்கு. இரும்பு ஆக்சைடுல 1:1.5 வந்தா எஃப்இ2ஓ3ன்னு எழுதுறோம்ல, அதே தான். 3 வரும், சி3எச்6ஓ3. முடிஞ்சுது

டெசிமல்: ரவுண்டிங் பிரச்சனையா இருக்கும். ஹைட்ரஜனுக்கு 1.008 போட்டு பாரு

மோல்_வாத்தி: 1.008 போட்டா 30.03 வரும், அதுல ஒன்றரை ரெண்டாயிடுமா? ராஜா சார், இரும்பு ஆக்சைடுல நீங்க பெருக்குறது அணு விகிதத்த. இங்க 1.5ங்கிறது மோலார் நிறைய எம்பிரிக்கல் நிறையால வகுத்தது, அது முழு எண்ணா தான் வரணும், வரலன்னா 45 மோலார் நிறையே கிடையாது. பேசிக் தெரியாம பதில் சொல்ல மட்டும் முதல்ல வந்துடுறாங்க

பிளஸ்ஒன்_பாவம்: "ஆவி அடர்த்தி 45 எனில் மூலக்கூறு வாய்ப்பாட்டைக் காண்க". அதத்தான சொன்னேன்

லேப்கோட்டு: எங்கப்பா சொன்ன 😂 ஆவி அடர்த்தி ஹைட்ரஜன் வாயுவோட ஒப்பிட்டு எடுக்கிறது, ஹைட்ரஜன் மூலக்கூறு நிறை 2, அதனால மோலார் நிறை 2 × 45 = 90. 90/30 = 3

ஷார்ட்கட்_ராஜா: நான் சொன்ன அதே சி3எச்6ஓ3 😎

மோல்_வாத்தி: குருட்டாம்போக்குல விழுந்தது. ஆவி அடர்த்தி 30ன்னு குடுத்திருந்தா என் = 1, ஃபார்மால்டிஹைடுன்னு எழுதிட்டு வந்திருப்பீங்க. உண்மையில மோலார் நிறை 60, சி2எச்4ஓ2, அசிட்டிக் ஆசிட்

லேப்கோட்டு: சார் அசிட்டிக் ஆசிட உதாரணம் சொல்லாதீங்க, அது ஆவியில ரெண்டு ரெண்டா ஒட்டிக்கும், கொதிநிலை பக்கத்துல அளந்தா 30க்கு நல்லா மேல காட்டும்

மோல்_வாத்தி: பிளஸ் ஒன் பையனுக்கு டைமர் (ரெண்டு மூலக்கூறு ஒட்டிக்கிறது) எல்லாம் எதுக்கு?

லேப்கோட்டு: உதாரணம் சொன்னது நீங்க

பிளஸ்ஒன்_பாவம்: 90 போட்டு வந்துருச்சு. லாக்டிக் ஆசிட்னு பேரும் எழுதிடவா?

லேப்கோட்டு: எழுதாத. டைமெத்தில் கார்பனேட்டுக்கும் ட்ரையாக்சேனுக்கும் இதே வாய்ப்பாடு தான், நிறைய வச்சு எதுன்னு சொல்ல முடியாது

ஷார்ட்கட்_ராஜா: எங்க மிஸ் லாக்டிக் ஆசிட்னு எழுதுனா டிக் போடுவாங்க

மோல்_வாத்தி: போடுவாங்க, ஏன் போடமாட்டாங்க. லாக்டிக் ஆசிட சூடு பண்ணா ஒழுங்கா ஆவியாகாம தண்ணிய விட்டுட்டு ஒண்ணோட ஒண்ணு சேர ஆரம்பிச்சிடும், அதுக்கு ஆவி அடர்த்தி அளந்தது யாருன்னு உங்க மிஸ்ஸ கேளுங்க

டெசிமல்: அப்ப ரவுண்டிங் இல்லையா